பத்தமடை டாக்டர் ஸ்வாமிகள்



நான் எழுத்தாளன் அல்ல. மூணாறில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகு மறையூர், சின்னார், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக மூட்டை முடிச்சுகளோடு மலையிறங்கி, பாலக்காட்டில் எங்கள் பூர்விக கிராமத்துக்கே வந்து சேர்ந்தேன். (பாலக்காட்டுக்காரர்களான நாங்கள் அக்ரஹாரத்தைக் கிராமம் என்றுதான் சொல்வோம். வெளியூர் வாசகர்கள் வயலும் வரப்பும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.) இங்கே ஸமூஹ மடத்தில் தினமும் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு யோகா வகுப்பு நடக்கிறது. ஐ.நா. சபை 2014 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி, 2015 ஜூன் 21-ஆம் தேதி முதல் சர்வதேச யோகா தினத்தைக் கொண்டாடினார்கள் அல்லவா, அந்த உற்சாகத்தில் மறு வருஷம் ஆரம்பித்த வகுப்பு இது. முதலில் ஏழு பேர். இப்போது இருபத்தைந்துக்குக் குறைவில்லை. சொல்லிக் கொடுப்பவள் எங்கள் கிராமத்துப் பெண்தான். திருவனந்தபுரம் ஜில்லாவில் நெய்யாறு அணைப் பக்கமுள்ள சிவானந்த ஆசிரமத்தில் தங்கி ஆசிரியர் பயிற்சி பெற்று வந்தவள். வயதில் என் பேத்தி மாதிரி; வகுப்பில் எனக்கு டீச்சர்.

வகுப்பு நடக்கும் கூடத்தில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கிறோம். ஒன்று பதஞ்சலி மகரிஷி. மற்றொன்று மொட்டைத் தலையும், ஆஜானுபாகுவான உடம்பும், காவி உடையும், சிரித்த முகமுமாக ஒரு ஸந்நியாஸி. ஸ்வாமி சிவானந்தர் என்று பெயர் தெரியும். ரிஷிகேசத்தில் இருந்தவர் என்றும் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சில வருஷங்களுக்கு முன் ஆகஸ்ட் மாதத்தில் டீச்சர் என்னிடம் வந்து, செப்டம்பர் 8 ஸ்வாமிகளின் ஜயந்தி, அன்று அரை மணி நேரம் அவரைப் பற்றி நான்தான் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வகுப்பின் செக்ரட்டரி என்ற முறையில் மறுக்க முடியவில்லை. அவள் கொடுத்த புஸ்தகங்களை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதித் தருகிறேன். கூடவே என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு ஸ்வாமிகளின் சரித்திரத்தை மட்டும் எழுதினால், வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்த கணக்கு ஆகிவிடும்.

ஒரு நோட்டீஸ்

மடத்தைப் பெருக்கித் துடைக்க ஒரு அம்மாள் வருவாள். வயது ஐம்பதுக்கு மேல். நாங்கள் உள்ளே ஆஸனம் போடுகிற நேரத்தில் அவள் வெளித் திண்ணையைப் பெருக்கி முடித்துவிட்டு, வகுப்பு கலையும் வரை தூண் ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். நாள்பட நாள்பட, டீச்சர் சொல்வதைக் கேட்டு அவளும் தூணைப் பிடித்துக்கொண்டு குனிவதும் நிமிர்வதுமாக இருப்பதைக் கவனித்தோம். அவளுக்குத் தீராத இடுப்பு வலி என்று பிறகுதான் தெரிந்தது. டீச்சர் என்னிடம் வந்து, அந்த அம்மாளையும் உள்ளே கூப்பிட்டு ஒரு ஓரத்தில் பாய் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

கமிட்டியில் நாங்கள் ஐந்து பேர். பேசினோம். இன்று ஒருவரைக் கூப்பிட்டால் நாளை பத்துப் பேர் வருவார்கள், மடம் நமது கிராமத்துக்காரர்களின் பொதுச் சொத்து, வகுப்பும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. யாரும் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் நியாயம் போலவே இருந்தது. வகுப்பு நமது கிராமத்துக் குடும்பங்களுக்கு மட்டும் என்று ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டினார்கள். எழுதிய கை என்னுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் இந்த மாதிரி வேலைகள் எப்போதும் எனக்கே வரும். டீச்சர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்துதான் ஜயந்திப் பேச்சுக்கு என்னைக் கேட்டாள். வேண்டுமென்றே என்னைத் தேர்ந்தெடுத்தாளோ என்னவோ, இன்று வரை நான் கேட்கவில்லை.

பத்தமடையிலிருந்து எட்டயபுரம்

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஊர் பத்தமடை. கோரைப் பாய்க்குப் பேர் போன ஊர். பட்டுப் போல மடியும் பத்தமடைப் பாய் இல்லாமல் அந்தக் காலத்தில் நம்மகத்துக் கல்யாணம் உண்டா? அந்த ஊரில் 1887-ஆம் வருஷம் செப்டம்பர் 8-ஆம் தேதி, வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார் குப்புஸ்வாமி. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகான் அப்பைய தீக்ஷிதரின் வம்சம். தகப்பனார் எட்டயபுரம் ஜமீனில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் சிவபூஜை செய்கிறவர். பூஜைக்கு வில்வமும் புஷ்பமும் பறித்துக் கொண்டு வந்து கொடுப்பது பிள்ளையின் வேலை.

படிப்பு எட்டயபுரம் ராஜா ஹைஸ்கூலில். மகாகவி பாரதி பிறந்த அதே எட்டயபுரம்தான். பாரதி இவருக்கு ஐந்து வயது மூத்தவர். குப்புஸ்வாமி படிப்பிலும் கெட்டி, தேகப் பயிற்சியிலும் கெட்டி. விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் எழுந்து போய் கர்லா, கம்பி என்று பழகுகிற பையன். மெட்ரிகுலேஷன் முடித்துத் திருச்சி எஸ்.பி.ஜி. காலேஜில் சேர்ந்தார். அங்கே ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பெண் வேஷம் கூடக் கட்டியிருக்கிறார். பிறகு தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. லீவு விட்டால் மற்ற மாணவர்கள் ஊருக்கு ஓடுவார்கள். இவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கி விடுவார்.

வாள் வித்தை குரு

அவருடைய பால்ய காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை, பிற்காலத்தில் தம்முடைய சுயசரிதையில் ஸ்வாமிகளே பதிவு செய்திருக்கிறார். படித்துக்கொண்டே வந்த நான் இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பையனுக்கு வாள் வீசும் வித்தை கற்க ஆசை. கற்றுக் கொடுக்க ஒருவர் கிடைத்தார். அவர் அந்தக் காலத்தில் தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த ஜாதியைச் சேர்ந்தவர். சில நாள்தான் போயிருப்பார். அதற்குள் பெரியவர்கள் கூப்பிட்டு, ஒரு பிராம்மணப் பையன் அப்படிப்பட்டவரிடம் சிஷ்யனாக இருப்பது முறையல்ல என்று எடுத்துச் சொன்னார்கள். பையன் யோசித்துப் பார்த்தான். தகப்பனாரின் பூஜை அறையில் விக்கிரகத்தில் இருக்கும் அதே பகவான், அந்த மனுஷருடைய ஹ்ருதயத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றிற்று. வித்தை சொல்லித் தந்தவர் குரு. குருவுக்கு ஜாதி என்ன? புஷ்பம், பக்ஷணம், வஸ்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய், மாலை போட்டு, பாதத்தில் பூவை வைத்து ஸாஷ்டாங்கமாக நமஸ்காரம் செய்தான்.

கவனியுங்கள், இது ஏதோ மேடையில் சீர்திருத்தம் பேசியவர் செய்தது அல்ல. ஆசார சீலமான குடும்பத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை ஒட்டிய காலத்தில், ஒரு சின்னப் பையன் செய்த காரியம். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, பென்ஷன் வாங்குகிற நான் நோட்டீஸ் எழுதி ஒட்டியிருக்கிறேன்! அதுவும் எதற்கு? அந்தப் பையன் போய் நமஸ்காரம் செய்தான். இங்கே ஒரு அம்மாள் இடுப்பு வலிக்கு நாலு ஆஸனம் கற்றுக்கொள்ளக் கேட்டால் அதற்கே எங்களிடம் இடமில்லை.

மலேயா தோட்டத்து ஆஸ்பத்திரி

தகப்பனார் காலமாகி, தாயாரும் உடம்புக்கு முடியாமல் போனதால் தஞ்சாவூர்ப் படிப்பை விட வேண்டி வந்தது. அம்மாவிடம் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு 1909-இல் திருச்சியிலிருந்து அம்ப்ரோஸியா என்று ஒரு ஆங்கில மருத்துவ மாதப் பத்திரிகை ஆரம்பித்தார். சுகாதாரமாக வாழ்வது எப்படி என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நடத்திய பத்திரிகை அது. சுமார் நாலு வருஷம் நடந்தது.

பிறகு 1913-இல் கப்பல் ஏறி மலேயா போனார். கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா செய்து கொடுத்த பக்ஷணங்களைத் தின்றே நாளைக் கழித்ததில், சிங்கப்பூரில் இறங்கும்போது பாதி உயிர்தான் இருந்ததாம். அங்கிருந்து ஸெரம்பான் போய், ஒரு ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஏழு வருஷம் அங்கே. பிறகு ஜோகூர் பாரு பக்கம் மூன்று வருஷம்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மூணாறில் எங்கள் தோட்டத்திலும் ஒன்று உண்டு. லயத்து வீடுகளிலிருந்து விடியற்காலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். குளிர் ஜுரம், அட்டைக் கடி, கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து வந்த முதுகு வலி. மலேயாவில் மரத்தில் பால் வெட்டினவர்களும் நம் தமிழ் ஜனங்கள்தான். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிப் போன ஏழைகள். அவர்களுக்கு டாக்டர் குப்புஸ்வாமி இரவு பகல் பாராமல் வைத்தியம் செய்தார். காசு இல்லாதவர்களிடம் காசு வாங்க மாட்டார். குணமாகி வீட்டுக்குப் போகிறவனுக்குக் கைச் செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்புவார். கை நிறையச் சம்பளம், நல்ல வீடு, நல்ல துணிமணி என்று அவரும் சௌகரியமாகத்தான் இருந்தார். ஆனால் தினமும் வேதனையையும் சாவையும் பார்த்துப் பார்த்து, உடம்பு வியாதியைத் தீர்த்துவிட்டால் மட்டும் மனுஷனுடைய துக்கம் தீருமா என்ற கேள்வி மனசில் விழுந்துவிட்டது. அங்கே வந்து சேர்ந்த ஒரு ஸாதுவுக்கு வைத்தியம் பார்த்தபோது, அவர் கொடுத்த வேதாந்த புஸ்தகம் ஒன்று இந்தக் கேள்வியை இன்னும் வளர்த்தது.

நானும் முப்பத்திரண்டு வருஷம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். மருந்துச் செலவு எவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதினேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவரையாவது முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

கங்கைக் கரை

1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். சென்னையில் ஒரு சிநேகிதர் வீட்டில் சாமான்களை வைத்துவிட்டுக் காசிக்கு ரயில் ஏறினார். மஹாராஷ்டிரத்தில் தங்கிய ஒரு கிராமத்தில், ஒரு போஸ்ட்மாஸ்டர் வீட்டில் சமையல் வேலை கூடச் செய்தார். மலேயாவில் சமையற்காரன் வைத்திருந்த டாக்டர்! கடைசியில் 1924-இல் ரிஷிகேசம் வந்து சேர்ந்து, ஜூன் 1-ஆம் தேதி ஸ்வாமி விச்வாநந்த ஸரஸ்வதிகளிடம் ஸந்நியாஸ தீக்ஷை பெற்று ஸ்வாமி சிவானந்த ஸரஸ்வதி ஆனார்.

கங்கையின் எதிர்க்கரையில் ஸ்வர்காசிரமத்தில் ஒரு சின்னக் குடில். க்ஷேத்திரத்தில் கிடைக்கும் காய்ந்த ரொட்டியைக் கங்கா ஜலத்தில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கடுமையான தவம் செய்தார். ஆனால் டாக்டர் உள்ளே உயிரோடுதான் இருந்தார். 1927-இல் தம்முடைய பழைய இன்ஷூரன்ஸ் பாலிஸி முதிர்ந்து வந்த பணத்தைக் கொண்டு லக்ஷ்மண் ஜூலாவில் ஒரு தர்ம வைத்தியசாலை ஆரம்பித்தார். பத்ரி, கேதாரம் போகும் யாத்ரிகர்களும், காலரா, பேதி கண்ட ஸாதுக்களும் அங்கே வருவார்கள். ஒரு யாத்ரிகருக்கு இன்னும் பொருத்தமான மருந்து ஒன்று கொடுத்திருக்கலாமே என்று ராத்திரி தோன்றியதாம். மறுநாள் விடிந்ததும் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு சில மைல் தூரம் ஓடிப் போய் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

ஆஸனமும் பிராணாயாமமும்தான் யோகம் என்று நாம் நினைக்கிறோம். பதஞ்சலி எட்டு அங்கம் சொன்னார். நமது திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அதே அட்டாங்க யோகத்தை விரிவாகப் பாடியிருக்கிறார். அதில் ஆஸனம் மூன்றாவதுதான். முதல் இரண்டும் யமம், நியமம்; அதாவது பிறரை ஹிம்சிக்காமை, ஸத்தியம், சுத்தம், திருப்தி முதலியவை. சிவானந்தர் இதோடு ஸேவையை முன்னால் நிறுத்தினார். முதலில் மற்றவனுக்கு உதவி செய். அதனால் மனசு சுத்தமாகும். சுத்தமான மனசில்தான் தியானம் நிற்கும் என்பது அவர் சொல்லிக் கொடுத்த வரிசை.

தபாலில் போன யோகம்

1929-இல் அவருடைய முதல் பெரிய யோகப் புஸ்தகம் சென்னையில் அச்சாகி வந்தது. அதற்குப் பிறகு அவர் பேனா நிற்கவே இல்லை. மொத்தம் இருநூறுக்கும் மேற்பட்ட புஸ்தகங்கள், பெரும்பாலும் எளிய ஆங்கிலத்தில். 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை ஸ்தாபித்தார். 1943 டிசம்பர் 3-ஆம் தேதி ஆரம்பித்த அகண்ட நாம கீர்த்தனம் இரவு பகலாக நடந்து வருகிறது. 1948-இல் யோக வேதாந்த வனக் கலாசாலை. 1950-இல் இரண்டு மாதம் இந்தியா முழுவதும் இலங்கைக்கும் யாத்திரை செய்தார். அப்போது பிறந்த ஊரான பத்தமடைக்கும் வந்தார். 1953-இல் ரிஷிகேசத்தில் ஸர்வ மத மகாநாடு கூட்டினார்.

அதுவரை யோகம் என்றால் குருவைத் தேடிக் காட்டுக்கும் குகைக்கும் போக வேண்டும். பல வருஷம் பணிவிடை செய்ய வேண்டும். தகுதி இருந்தால் காதில் ரகசியமாகச் சொல்லுவார்கள். இவரோ கேட்டவர்களுக்கெல்லாம் தபாலிலேயே பதில் எழுதினார். ஒரு கார்டு எழுதிப் போட்டால் துண்டுப் பிரசுரமும் புஸ்தகமும் வீடு தேடி வரும். தபாலிலேயே மந்திரோபதேசம் கூடச் செய்தார். குமாஸ்தா, வக்கீல், பள்ளி மாணவன், வீட்டுப் பெண்மணி, வெளிநாட்டார் என்ற பேதமே கிடையாது. ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறிய ஒரு பெண்மணிக்கு 1956-இல் ஸந்நியாஸமே கொடுத்தார். ஸ்வாமி சிவானந்த ராதா என்று பிற்காலத்தில் பிரஸித்தி பெற்றவர் அவர்தான். இதெல்லாம் ஸம்பிரதாய விரோதம் என்று சொன்னவர்களும் உண்டு. ஸ்வாமிகள் யாரோடும் வாதத்துக்குப் போகவில்லை. ஜுரத்தோடு வந்தவனிடம் குலம் கோத்திரம் கேட்டுவிட்டா டாக்டர் மருந்து கொடுக்கிறார்?

சிஷ்யர்கள் தினமும் நிரப்புவதற்காக ஆன்மிக டைரி என்று ஒன்று தயார் செய்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை நிமிஷம் ஆஸனம், எத்தனை மாலை ஜபம், எத்தனை பொய், எத்தனை தடவை கோபம், என்ன ஸேவை செய்தாய் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் தொங்கும் ஜுர அட்டவணை மாதிரி இது மனசுக்கு ஒரு அட்டவணை. நானும் ஒரு நோட்டுப் போட்டுக் கட்டம் வரைந்தேன். ஸேவை என்ற கட்டத்தில் முதல் வாரம் முழுக்கப் பூஜ்யம்.

1950 ஜனவரியில் இரவு ஸத்ஸங்கத்தில் ஒருவன் கோடாலியால் ஸ்வாமிகளைத் தலையில் வெட்ட வந்தான். தலைப்பாகை இருந்ததால் பிழைத்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஸ்வாமிகள் வழக்கு வேண்டாம் என்று சொல்லி, அவனைப் போய்ப் பார்த்து நமஸ்கரித்து, புஸ்தகமும் துணியும் கொடுத்து ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்பி வைத்தார். பால்யத்தில் வாள் வித்தை குருவை நமஸ்கரித்தவர், அறுபத்திரண்டு வயதில் தம்மை வெட்ட வந்தவனையும் நமஸ்கரித்தார். இரண்டுக்கும் நடுவில் அவர் மாறவே இல்லை.

நம் பக்கத்துச் சிஷ்யர்கள்

அவருடைய சிஷ்யர்களில் பலர் நமக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள். எர்ணாகுளத்தில் பிறந்த பாலகிருஷ்ண மேனன்தான் 1949-இல் அவரிடம் தீக்ஷை பெற்று ஸ்வாமி சின்மயானந்தர் ஆனார். வாளையார் தாண்டினால் கோயம்புத்தூர். அதன் பக்கத்தில் செட்டிப்பாளையம். அங்கே 1914-இல் பிறந்தவர் ஸ்வாமி சச்சிதானந்தர். இலங்கையில் பல வருஷம் தொண்டு செய்து, 1966-இல் அமெரிக்கா போய், 1969-இல் வுட்ஸ்டாக் சங்கீத விழாவில் லக்ஷக்கணக்கான இளைஞர்கள் முன்னால் தொடக்க உரை ஆற்றியவர் அவரே. பீஹாரில் முங்கேர் யோகப் பள்ளியை ஸ்தாபித்த ஸ்வாமி ஸத்யானந்தரும் இவர் சிஷ்யர்தான்.

எங்கள் டீச்சரின் பரம்பரை ஸ்வாமி விஷ்ணுதேவானந்தர் வழி வந்தது. அவர் 1927-இல் கேரளத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் இருந்தபோது ஏதோ தொலைந்த காகிதத்தைக் குப்பைக் கூடையில் தேடியிருக்கிறார். அப்போது கையில் அகப்பட்டது சிவானந்தரின் துண்டுப் பிரசுரம் ஒன்று. அதைப் படித்துவிட்டு ரிஷிகேசம் போனவர்தான், வனக் கலாசாலையில் ஹடயோக ஆசிரியராகவே ஆகிவிட்டார். 1957-இல் குருநாதர் பத்து ரூபாயைக் கையில் கொடுத்து மேல்நாட்டுக்கு அனுப்பினார். 1959-இல் மான்ட்ரியாலில் முதல் கேந்திரம். 1969-இல் ஆசிரியர் பயிற்சி. 1978-இல் நெய்யாறு அணை ஆசிரமம். சரியான பயிற்சி, சரியான சுவாசம், சரியான ஓய்வு, சரியான ஆகாரம், நல்ல எண்ணமும் தியானமும் என்று ஐந்து விஷயங்களாக யோகத்தைச் சுருக்கிக் கொடுத்தார்.

எங்கள் வகுப்பும் அந்த முறைதான். முதலில் சவாஸனத்தில் சற்று ஓய்வு. பிறகு கபாலபாதி, அனுலோம விலோமம் என்று பிராணாயாமம். அடுத்து ஸூரிய நமஸ்காரம். பிறகு சிரஸாஸனம், ஸர்வாங்காஸனம், ஹலாஸனம், மத்ஸ்யாஸனம் என்று ஆரம்பித்துத் திரிகோணாஸனம் வரை பன்னிரண்டு ஆஸனங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓய்வு. முன்னால் குனிந்தால் அடுத்து பின்னால் வளைய வேண்டும். ரத்தக் கொதிப்பு, கண் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது என்பதில் டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. எண்பது வயது மாமி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி இறக்குகிறார். கடைசியில் மீண்டும் நீண்ட சவாஸனம். சில பேர் குறட்டை விடுவதும் உண்டு.

சிவானந்த ஸ்வாமிகளுக்கே கடைசிக் காலத்தில் நீரிழிவும் இடுப்பு வலியும் இருந்தன. யோகி ஆயிற்றே, வியாதி வரலாமா என்று சிலர் கேட்பார்கள். அவர் அதை மறைக்கவில்லை. மருந்து சாப்பிட்டுக்கொண்டு, கைத்தடியோடு ஆபீஸுக்கு வந்து தபால்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். 1963 ஜூலை 14-ஆம் தேதி இரவு கங்கைக் கரையில் மஹாஸமாதி அடைந்தார்.

நோட்டீஸ் என்ன ஆயிற்று?

ஜயந்தி அன்று பேசினேன். வாள் வித்தை குருவின் கதையைச் சொன்னபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. பேச்சின் முடிவில், அந்த நோட்டீஸை எழுதியவன் நான், அதை எடுத்துவிட அனுமதிக்க வேண்டும் என்று கமிட்டியைக் கேட்டுக்கொண்டேன். உடனே எல்லோரும் கை தட்டினார்கள் என்று எழுத ஆசைதான், நடந்தது அதுவல்ல. கூடத்தில் பேச்சு மூச்சில்லை. அந்த வாரம் மூன்று தடவை கமிட்டி கூடியது. கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவாயிற்று. இரண்டு குடும்பங்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. அதில் ஒருவர் என் பால்ய சிநேகிதர். கோயிலில் பார்த்தால் தலையை அசைப்பார், பேச்சு இல்லை. அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. கிராமத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் எல்லாம் பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள், இருக்கிற கொஞ்சத்தையாவது நம்முடையது என்று வைத்துக்கொள்ள வேண்டாமா என்பது அவர் கேள்வி. அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பூட்டி வைத்தால் மட்டும் எதுவும் மிஞ்சிவிடாது என்பதற்கு அந்த வீடுகளே ஸாக்ஷி.

அந்த அம்மாளைக் கூப்பிடுவதும் சுலபமாக இல்லை. டீச்சர் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. நோட்டீஸை எழுதினவன் கூப்பிட்டால்தான் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிற்று. ஒருநாள் காலை வகுப்புக்கு முன்னால் திண்ணைக்குப் போய், இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசினோம். ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை என்றாள். வகுப்புக்கு வரும்படி சொன்னேன். துடைத்த தரையில் கால் படுமே ஸாமி என்று தயங்கினாள். தினமும் துடைக்கிறவளுடைய கால்தானே அது என்று சொன்னேன்.

மறுநாள் வந்து, கடைசி வரிசையில் கதவோரமாக நின்றாள். டீச்சர் அவளுக்குப் புஜங்காஸனமும், முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு இடுப்பை மெதுவாக உயர்த்துகிற பயிற்சியும் தனியாகச் சொல்லிக் கொடுத்தாள். டாக்டரிடம் காட்டி வரவும் ஏற்பாடு செய்தோம். வலி அடியோடு போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி தூங்க முடிகிறது என்கிறாள், அது போதாதா? இப்போது அவளோடு இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். பத்துப் பேர் வந்துவிடுவார்கள் என்று பயந்தோமே, அவ்வளவு கூட்டம் ஒன்றும் வரவில்லை.

இந்த இதழைப் படிக்கும் அன்பர்கள் பலருடைய ஊரிலும் யோகா வகுப்பு நடக்கும். ஆஸனங்களை டீச்சர் சொல்லித் தருவார். கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலக்காடு பக்கம் வந்தால் எங்கள் வகுப்புக்கும் அவசியம் வாருங்கள். காலை ஐந்தே முக்கால். வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒரு ஜமக்காளம் கொண்டு வந்தால் போதும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மடத்தில் நாலைந்து உபரியாக வைத்திருக்கிறோம்.